ஒதுக்கிய கார்பன் ரிம்மை அறுத்துப் போடுங்கள்

பெங்களூரில் பழைய சைக்கிள் பாகங்களை வாங்கி விற்கும் கடைக்காரர்களுக்கும் மெக்கானிக் அண்ணன் தம்பிகளுக்கும்,

வணக்கம். அல்சூரில் சக்கரம் கட்டி, கோட்டம் எடுத்துப் பிழைப்பவன் நான். உங்களில் பலரோடு தமிழிலேயே பேசிப் பழகியதால் மடலையும் தமிழிலேயே எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். அடிபட்டது, இனி ஓட்டக்கூடாது என்று நீங்களே ஒதுக்கிய கார்பன் ரிம்மை, அதாவது கார்பன் நாரை அடுக்கடுக்காக வைத்துப் பிசினால் இறுக்கிய சக்கர வளையத்தை, முழுசாக யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

போன மழைக்காலத்தில் ஒருவர் பள்ளத்தில் இறக்கிய முன்சக்கரத்தைக் கொண்டுவந்தார். டயர் உட்காரும் ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு விரிசல். அழுத்தினால் மெல்ல நெறுநெறுத்தது. இது ஆகாது என்று சொல்லி, டயருக்கு உள்ளே ரிம்மில் ஒட்டியிருக்கும் ரிம் டேப்புக்கு அடியில் மார்க்கரால் பெருக்கல் குறி போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். சில மாதம் கழித்து ஒரு கல்லூரி மாணவன் வந்தான். "அண்ணா, லேசா கோட்டம் இருக்கு, எடுத்துக் குடுங்க. பெயின்ட்தான் கொஞ்சம் போயிருந்துச்சாம், டச்சப் பண்ணித் தந்தாங்க" என்றான். டேப்பை உரித்தால் என் பெருக்கல் குறி. விரிசலில் எபாக்சி பசையை அடைத்து, தேய்த்து, மேலே கறுப்பு அடித்திருந்தார்கள். அதை மாட்டிக்கொண்டு அந்தப் பையன் நந்தி மலையிலிருந்து இறங்கியிருக்கிறான். எந்தக் கடை வழியாக வந்தது என்று எழுதப் போவதில்லை. ஆனால் நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

அலுமினிய ரிம் அடிபட்டால் நெளியும். பிரேக் பிடிக்கும்போதே கையில் தட்டும், ஓட்டுகிறவருக்குத் தெரிந்துவிடும். கார்பன் நெளிந்து காட்டாது. உள்ளே அடுக்குகள் ஒன்றை விட்டு ஒன்று பிரிந்திருக்கும், மேற்பூச்சு பளபளவென்றே இருக்கும். பிறகு ஏதோ ஒரு பள்ளத்தில் ஒரே அடியாக உடையும். முன்சக்கரம் உடைந்தால் முகம்தான் முதலில் தரைக்குப் போகும்.

அதனால் டயரோடு ஒரு சக்கரத்தைப் பார்த்து "நல்லா இருக்கு" என்று சொல்லவே கூடாது. டயரையும் ரிம் டேப்பையும் கழற்றுங்கள். ரிம்மைத் துடைத்துவிட்டு ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஒருமுறை தடவுங்கள். மற்ற இடமெல்லாம் சட்டென்று காய்ந்துவிடும். விரிசல் இருந்தால் அந்தக் கோட்டில் மட்டும் ஈரம் கொஞ்ச நேரம் நிற்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் அது தெளிவாகவே தெரியும். பஞ்சை ஓரங்களில் இழுத்தால் கிளம்பிய நார் அதைப் பிடித்துக்கொள்ளும். போக்ஸ் கம்பியை ரிம்மில் பிடிக்கும் நிப்பிளின் துளைகளைச் சுற்றி மயிரிழைக் கோடு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். டியூப்லெஸ் ஓடிய ரிம்மில் அந்தத் துளை வழியே சீலன்ட் (ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் திரவம்) கசிந்திருந்தால் அது எங்கே உள்ளே போனது என்று கண்டுபிடிக்காமல் விடாதீர்கள்.

நாணயத்தால் தட்டிப் பார்ப்பதை எல்லோரும் செய்கிறோம். நல்ல இடத்தில் கணீரென்றும், அடுக்கு விட்ட இடத்தில் மந்தமாகவும் கேட்கும். ஆனால் வால்வு துளை, இணைப்பு ஆகிய இடங்களில் சத்தம் இயல்பாகவே மாறும். சின்ன விரிசல் சத்தத்தை மாற்றாமலும் போகலாம். சத்தம் கெட்டிருந்தால் சந்தேகப்படலாமே தவிர, சத்தம் நன்றாக இருக்கிறது என்பதற்காக ரிம்மைப் பாஸ் பண்ண முடியாது.

போக்ஸ் கம்பிகள் இன்னும் நிறையச் சொல்லும். பின்சக்கரத்தில் இரண்டு பக்கமும் இழுவிசை வேறு வேறாகத்தான் இருக்கும், ஆகவே ஒரே பக்கத்துக் கம்பிகளை மட்டும் ஒப்பிடுங்கள். ஒரு இடத்தில் மட்டும் சேர்ந்தாற்போல் தளர்ந்திருந்தால் ரிம் அங்கே இடம் கொடுத்துவிட்டது என்று சந்தேகியுங்கள். கம்பிகளைக் கண்டபடி முறுக்கினால்தான் கோட்டம் போகிறது என்றால் அந்த வேலையை அங்கேயே நிறுத்துங்கள்.

ரிம் பிரேக் சக்கரமானால் பிரேக் கட்டை பிடிக்கும் பரப்பில் நேரான ஸ்கேலை வைத்துப் பாருங்கள். நந்தியின் உச்சி 1,478 மீட்டர். பயந்து பயந்து விடாமல் பிரேக் பிடித்தே இறங்குகிறவர்கள் உண்டு. அலுமினியம் போல கார்பன் சூட்டைக் கடத்தாது. சூடு அங்கேயே தங்கி, பிசின் இளகி, டயரின் காற்றழுத்தத்தில் சுவர் வெளியே பிதுங்கும். புடைப்பு விரலுக்குத் தட்டினால் அதற்கு மேல் சோதிக்க ஒன்றும் இல்லை, ஒதுக்கிவிடுங்கள். டயரைப் பிடிக்கும் கொக்கி விளிம்பு இல்லாத ஹூக்லெஸ் ரிம் என்றால், உச்ச அழுத்தம் 5 பார், அதாவது சுமார் 72 பிஎஸ்ஐ என்பதை வாங்குகிறவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஒதுக்கிய ரிம்மைப் பற்றி "பின்னாடி போட்டுக்கலாம்", "டிரெய்னர்ல ஓட்டிக்கட்டும்" (வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே ஓட்டும் கருவி) என்று சிலர் சொல்கிறார்கள். பின்சக்கரம்தான் கூடுதல் எடை தாங்குகிறது. டிரெய்னருக்கு என்று போன சக்கரம் ஒருநாள் ரோட்டுக்கு வராது என்று யார் உறுதி சொல்வது? பிரேமைப் பழுது பார்க்கிறார்களே என்றும் கேட்கிறார்கள். உண்மைதான், தெரிந்தவர்கள் நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் ரிம்மில் கம்பி உள்ளே இழுக்கிறது, காற்று வெளியே தள்ளுகிறது, சாலை கீழிருந்து குத்துகிறது. பசை அதற்குப் பதில் ஆகாது.

நஷ்டம் புரிகிறது. ஆனால் சக்கரத்தின் விலையில் நல்ல பங்கு ஹப்பில்தான் இருக்கிறது, அது போகவில்லை. பிரித்து அலுமினிய ரிம்மில் கட்டிக் கொடுங்கள். நேர்மையான விலைக்கே விற்கும்.

மிஞ்சும் ரிம்மை ஹாக்சா பிளேடால் இரண்டு இடத்தில் அறுத்துவிடுங்கள். முதலில் கம்பிகளைத் தளர்த்திக் கழற்றிவிட்டு, மாஸ்க் போட்டு, தண்ணீர் விட்டு அறுக்க வேண்டும். கார்பன் தூள் நுரையீரலுக்கு ஆகாது, தோலிலும் குத்தும். சக்கரத்தின் சொந்தக்காரர் எதிரிலேயே அறுத்தால் இன்னும் நல்லது. அவரே வேறொருவருக்கு விற்கப் போவதாக இருந்தால், டயர் கழற்றிய ரிம்மின் படங்களை முழுச் சுற்றுக்கும் எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், கொடுக்காதவரின் சக்கரத்தைக் கடையில் வைக்காதீர்கள்.

அறுக்க நேரமோ இடமோ இல்லையென்றால் அல்சூருக்கு அனுப்பிவையுங்கள். கூலி வேண்டாம், நானே அறுக்கிறேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்