முதலில் நாற்காலி, அப்புறம் டிவி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கேள்வி என்னவோ ஒரு வரிதான், ஆனால் ஒரு வரியில் பதில் எழுத மனசு வரவில்லை. அதனால்தான் தாமதம். "எந்த டிவி வாங்கலாம், நீதான் இதிலேயே ஊறினவன், சொல்லு" என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே, போகிற போக்கில், "அம்மா இப்போதெல்லாம் எங்களோடு உட்கார்ந்து பார்ப்பதில்லை, பாதியில் எழுந்து போய்விடுகிறார்" என்று இன்னொரு வரி. எனக்கு அந்த இரண்டாவது வரிதான் பெரிதாகப் பட்டது. இந்தக் கடிதத்தின் பெரும்பகுதி அதற்கான பதில்தான்.

இங்கே எல்லோரும் சுகம். போன மாதம் எனக்கு வலது கண்ணில் புரை நீக்கினார்கள். நன்றாகவே ஆறிவிட்டது. ஒரு விசித்திரம் கேள்: வலது கண்ணால் மட்டும் பார்த்தால் எங்கள் வீட்டுச் சுவர் பளிச்சென்று வெள்ளை. இடது கண்ணால் பார்த்தால் அதே சுவர் பழுப்பேறிய காகிதம். இத்தனை வருஷமும் அந்தப் பழுப்பைத்தான் வெள்ளை என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். டிவியின் நிறத்தைப் பற்றி எழுதும்போது இதைத் திரும்பச் சொல்கிறேன், நினைவில் வைத்துக்கொள்.

அப்பாவைப் பற்றி உனக்கு இதை நான் சொன்னதில்லை. கடைசிக் காலத்தில் நாலைந்து வருஷம் அவர் டிவி பக்கமே வராமல் இருந்தார். வயசாகிவிட்டது, ஆர்வம் போய்விட்டது என்று நாங்களாகவே முடிவுகட்டிவிட்டோம். ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டபோது, "பேசறது ஒண்ணும் புரியலைடா, சத்தம் மட்டும் கேக்குது" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்குச் சத்தம் போதாமல் இல்லை. நாங்கள் சத்தத்தைக் கூட்டக் கூட்ட அவருக்கு இரைச்சல்தான் கூடியிருக்கிறது.

வயதாகும்போது காது முதலில் இழப்பது உச்ச ஒலிகளை. பேச்சில் உயிரெழுத்துகளின் கனம் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. ச, ட, த, ப என்று ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துக்காட்டும் மெய்யொலிகளின் அடையாளம் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 2000 அதிர்வுக்கு, மேலே. மேலே உள்ளது தேய்ந்துபோனால், யாரோ பேசுகிறார்கள் என்பது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது பிடிபடாது. இதோடு இன்றைய டிவி வேறு சேர்ந்துகொள்கிறது. ஒல்லியாகச் செய்ய வேண்டும் என்பதற்காக ஸ்பீக்கரைச் சிறிதாக்கி, கீழ்ப்பக்கமாகவோ பின்பக்கமாகவோ திருப்பிவிட்டார்கள். குரல் சுவரில் மோதிச் சுற்றிக்கொண்டு நம்மிடம் வருகிறது. பழைய பெட்டி டிவியில் ஸ்பீக்கர் நம் முகத்தைப் பார்த்தபடி இருக்கும், ஞாபகம் இருக்கிறதா?

அதனால் டிவிக்கென்று நீ ஒதுக்கியிருக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒலிக்காக முதலிலேயே எடுத்து வைத்துவிடு. மிச்சத்தில் டிவி வாங்கு. திரை ஒரு சுற்று சின்னதானாலும் பரவாயில்லை.

ஒலியில் என்ன வாங்குவது? சினிமாவின் ஒலிப்பதிவில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கென்றே தனியாக வைக்கப்படுகிறது. 5.1 என்கிறார்களே, அதில் அந்த ஐந்து என்பது முன்னால் இடம், வலம், நடு, அப்புறம் பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி இரண்டு. புள்ளிக்குப் பின்னால் வரும் ஒன்று தாழ்ஒலிக்கான சப்வூஃபர். நடு ஸ்பீக்கர் இல்லாத இடத்தில் வசனத்தை இடத்திலும் வலத்திலும் கலந்துவிடுவார்கள். அப்புறம் வசனத்தை மட்டும் தனியே கூட்டுவதற்கு வழியில்லாமல் போய்விடும். நடு ஸ்பீக்கர் இருந்தால் அதை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் ஏற்றிவிடலாம். இசையும் வெடிச்சத்தமும் இருந்த இடத்திலேயே இருக்க, பேச்சு மட்டும் முன்னால் வந்து நிற்கும். உன் அம்மாவுக்கு வேண்டியது இதுதான்.

ஒயர் இழுத்து ஐந்து ஸ்பீக்கர் வைக்க உன் கூடத்தில் வசதிப்படாது என்றால், பல ஸ்பீக்கரை ஒரே நீளப் பட்டையில் அடக்கி டிவிக்குக் கீழே வைக்கும் சவுண்ட்பாரே போதும். ஆனால் பெட்டியில் 2.1 என்று போட்டிருக்கிறதா, 3.1 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கு. முதல் எண் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால்தான் நடுச் சேனல் தனியாக இருக்கிறது என்று அர்த்தம். டால்பி அட்மாஸ் என்ற பெயரைக் காட்டி ஆசை மூட்டுவார்கள். 2012-இல் திரையரங்குக்கு வந்து, 2014-இல் வீட்டுக்கும் வந்த நுட்பம் அது, நல்ல நுட்பமும்கூட. ஆனால் கூரையில் ஒலியை மோதவிட்டு மேலிருந்து வருவதுபோலக் காட்டும் வகைக்குத் தட்டையான, அதிக உயரமில்லாத கூரை வேண்டும். உன் வீட்டுக் கூரை சாய்வு என்று எழுதியிருந்தாய். விட்டுவிடு.

ஸ்பீக்கர் வந்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. அறையும் ஒரு ஸ்பீக்கர்தான். வெறும் தரை, வெறும் சுவர், கண்ணாடி ஜன்னல் என்று இருந்தால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு மூன்று முறை எதிரொலித்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். உட்காரும் இடத்துக்கும் டிவிக்கும் நடுவே ஒரு தடித்த விரிப்பு, ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை, இரண்டு போதும். பக்கச் சுவரில் எங்கே எதிரொலிக்கிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. நீ நாற்காலியில் உட்கார்ந்துகொள், தங்கச்சியை ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி நகர்த்தச் சொல். கண்ணாடியில் உனக்கு ஸ்பீக்கர் தெரிகிற இடம்தான் ஒலி மோதித் திரும்புகிற இடம். அங்கே ஒரு புத்தக அலமாரியை வை.

சப்வூஃபர் வைக்க இன்னொரு முறை. அதைத் தூக்கி நீ உட்காரும் இடத்தில் வைத்து, தாழ்ஒலி நிறைய உள்ள பாட்டு ஒன்றை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போ. எங்கே சத்தம் அடைசலில்லாமல், இறுக்கமாகக் கேட்கிறதோ அங்கே கொண்டுபோய் வை. தாழ்ஒலியின் அலை நீளமானது, 80 ஹெர்ட்ஸில் நாலு மீட்டருக்கும் மேல். அறைக்குள்ளேயே அது ஓரிடத்தில் குவியும், ஓரிடத்தில் காணாமல் போகும். மூலையில் வைத்தால் மிகுந்துவிடும், அந்த உறுமல் வசனத்தைத் தின்றுவிடும். இரவு நேரத்தில் பார்ப்பதென்றால் நைட் மோட் என்று ஒன்று இருக்கும், அதைப் போடு. பெரிய சத்தத்தை அடக்கி, மெல்லிய பேச்சைத் தூக்கிவிடும்.

அப்பாவுக்கு இதையெல்லாம் செய்து முடித்த அன்று சாயங்காலம் ஒரு பழைய நகைச்சுவைப் படம் போட்டோம். ஒரு வசனத்துக்கு அவரும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். எங்களைப் பார்த்து ஒரு கணம் கழித்துச் சிரிப்பாரே, அப்படியில்லை. சரியாக அதே நொடியில். அப்புறம் பதினெட்டு மாதம் எங்களோடு தினமும் உட்கார்ந்தார். நாலு வருஷம் முன்னாலேயே கேட்டிருக்கலாமே என்ற வருத்தம் எனக்குப் போகவில்லை. அதனால்தான் உன் கடிதத்தில் அந்த ஒரு வரியைப் பார்த்ததும் இவ்வளவும் எழுதுகிறேன்.

சரி, இப்போது திரைக்கு வருகிறேன். எத்தனை இன்ச் என்பதை நாற்காலியிலிருந்து தொடங்கு. நீ உட்காரும் இடத்திலிருந்து சுவர் வரை அளந்து பார். திரையின் மூலைவிட்டத்தைப் போல ஒன்றேகால் மடங்கு முதல் ஒன்றரை மடங்கு தூரம் வரை சினிமாவுக்கு நல்லது. 65 இன்ச் என்றால் சுமார் இரண்டு முதல் இரண்டரை மீட்டர். 55 இன்ச் என்றால் 1.7 முதல் 2.1 மீட்டர் வரை. சாதாரண நிகழ்ச்சிகளுக்கு இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாலும் குறையில்லை. 4கே என்பது 3840-க்கு 2160 புள்ளிகள், முழு ஹெச்டியைப் போல நாலு மடங்கு. ஆனால் 65 இன்ச் திரையை இரண்டரை மீட்டருக்கு மேல் தள்ளி உட்கார்ந்து பார்த்தால் நல்ல கண்ணுக்கே அந்த இரண்டின் நுணுக்க வித்தியாசம் தெரிவது கஷ்டம். 8கே பற்றி யோசிக்கவே யோசிக்காதே. பழைய செய்தித்தாள்களை நீ வாங்க நினைக்கும் திரையின் அளவுக்கு ஒட்டி, சுவரில் மாட்டிவைத்து, இரண்டு நாள் அதன் முன்னால் உட்கார்ந்து பார். எந்த விற்பனையாளரும் சொல்லாததை அது சொல்லிவிடும்.

உயரம்தான் நான் தவறு செய்த இடம். சுவரில் படம் மாட்டுகிற உயரத்தில் டிவியையும் மாட்டச் சொன்னேன். இரண்டே வாரத்தில் எல்லோருக்கும் கழுத்துவலி. திரும்பத் துளைபோட்டு இறக்க வேண்டியதாயிற்று. உட்கார்ந்த நிலையில் உன் கண்மட்டம் திரையின் நடுவுக்குச் சற்றுக் கீழே விழவேண்டும். டிவியை அதைவிட மேலே ஏற்றாதே.

அடுத்து ஓலெட் வாங்கலாமா, எல்இடி வாங்கலாமா என்று கேட்பாய். ஓலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது, தானே அணைகிறது. அதனால் கறுப்பு உண்மையிலேயே கறுப்பு. விளக்கணைத்துப் படம் பார்ப்பவர்களுக்கு அதற்கு ஈடு இல்லை. எல்இடி என்று விற்கப்படுவது பின்னால் விளக்கு வைத்த எல்சிடிதான். அந்த விளக்குகளைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து ஏற்றி இறக்கும் மினி எல்இடி நல்ல வெளிச்சம் தரும், பகலில் அழகாகத் தெரியும். உன் கூடத்தில் மேற்குப் பார்த்த பெரிய ஜன்னல் இருக்கிறது. அதோடு பகல் முழுக்க ஒரே செய்திச் சேனல் ஓடுகிறது என்று வேறு சொன்னாய். அசையாத சின்னம் ஒரே மூலையில் மாதக்கணக்கில் நின்றால் ஓலெட்டில் அதன் தழும்பு பதிய வாய்ப்பு உண்டு. உனக்கு மினி எல்இடிதான் சரி. எனக்கு ஓலெட் உயிர் என்றாலும் இதைச் சொல்கிறேன்.

டிவி வந்ததும் முதல் வேலையாகப் பட அமைப்பை மாற்று. கடையின் பளீர் வெளிச்சத்தில் எடுப்பாகத் தெரிவதற்கென்றே விவிட் என்று ஓர் அமைப்பு உண்டு, அதில் எல்லாம் நீலம் பூத்து இருக்கும். வெள்ளை எவ்வளவு நீலம், எவ்வளவு மஞ்சள் என்பதைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள்; படம் எடுத்தவர்கள் வண்ணம் சரிபார்ப்பது 6500 கெல்வின் வெள்ளையில். சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் மோட் போட்டால் அதற்கு நெருக்கமாக வரும். முதல் நாள் உனக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரியும். என் இரண்டு கண்களைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? எந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோமோ அதுவே வெள்ளை என்று மூளை ஒப்புக்கொண்டுவிடும். ஒரு வாரம் பொறுத்துக்கொள். அப்புறம் பழைய அமைப்புக்குத் திரும்பிப் பார், முகங்களெல்லாம் ஜில்லிட்டுப்போய்த் தெரியும்.

அசைவை வழுவழுப்பாக்கும் வசதியையும் அணைத்துவிடு. சினிமா நொடிக்கு 24 படங்கள். நடுவில் இல்லாத படங்களை டிவி தானாக இட்டு நிரப்பினால் சினிமா, சீரியல் மாதிரி ஆகிவிடும். விளையாட்டு பார்க்கும்போது வேண்டுமானால் போட்டுக்கொள்.

கேபிள் விஷயத்தில் ஏமாறாதே. டிவியோடு மற்ற கருவிகளை இணைக்கும் ஹெச்டிஎம்ஐ கேபிளில் போவது டிஜிட்டல் சமிக்ஞை. தங்கமுலாம் பூசியது என்று பல மடங்கு விலை சொல்லும் கேபிள் படத்தை ஒரு புள்ளியும் அழகாக்காது. வேகத்துக்கு ஏற்ற கேபிளா என்பதுதான் கேள்வி. 4கே படத்துக்கு நொடிக்கு 18 ஜிகாபிட் தாங்கும் கேபிள் போதும், புதிய விளையாட்டுக் கன்சோல் என்றால் 48. சவுண்ட்பாரை டிவியில் ஏஆர்சி அல்லது இஏஆர்சி என்று எழுதியிருக்கும் துளையில்தான் செருக வேண்டும், டிவியின் சத்தம் வெளியே வருவது அந்தத் துளை வழியாகத்தான். வழக்கமாக அப்படி ஒன்றே ஒன்றுதான் இருக்கும். தப்பான துளையில் செருகிவிட்டுச் சத்தம் வரவில்லை என்று திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். சரியாகச் செருகி, செட்டிங்ஸில் சிஇசி என்ற, கருவிகள் ஒன்றையொன்று இயக்கும் வசதியையும் இயக்கிவிட்டால் டிவி ரிமோட்டிலேயே சவுண்ட்பாரின் சத்தமும் கூடும், குறையும். அம்மா கையில் ஒரே ஒரு ரிமோட் இருக்க வேண்டும், இதில் கண்டிப்பாக இரு. உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போனால் ஆடியோ டிலே என்று தேடிப் பார். காது மந்தமானவர்கள் நிறையச் சொற்களை உதட்டசைவின் துணையோடுதான் பிடிக்கிறார்கள்.

இணையத்துக்கு நொடிக்கு 15 முதல் 25 மெகாபிட் நிலையாக வந்தால் 4கே ஓடும். மற்றதெல்லாம் சின்ன விஷயம், வந்தபின் போனில் பேசிக்கொள்ளலாம்.

வாங்கும் முன்னால் கூடத்தை ஒரு தாளில் வரைந்து, அளவுகள் போட்டு எனக்கு அனுப்பு. ஜன்னல், கதவு, பிளக் இருக்கும் இடம், மின்விசிறி, எல்லாம் குறித்துவிடு. அப்புறம் அம்மாவுக்கு எந்தக் காது நன்றாகக் கேட்கும் என்று கேட்டு எழுது. நாற்காலியை எந்தப் பக்கம் போடுவது என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

அன்புடன்,
கணேசன்