அவசர மருத்துவ ஊழியர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கூட்டங்கள், சந்தா, உறுப்பினர் சேர்க்கை எல்லாம் வழக்கம்போல் நடந்தன. கணக்கு பொருளாளர் அறிக்கையில் இருக்கிறது. நம் உழைப்பு பெரும்பாலும் ஒரே வேலைக்குத்தான் போனது: வீட்டிலோ வண்டியிலோ பிறந்து, மூச்சுவிடாமல் கிடக்கும் குழந்தையை மீட்கும் பயிற்சி.

எப்போதாவது வரும் பிரசவத்துக்கு இவ்வளவு பயிற்சியா என்று சிலர் கேட்டார்கள். நிறைமாதக் குழந்தைகளில் 100க்குச் சுமார் 85 பேர் தாமாகவே மூச்சுவிடுவார்கள். இன்னும் 10 பேர் துடைத்து, முதுகைத் தேய்த்தால் அழுவார்கள். முகத்தில் மாஸ்க் வைத்து, பேக்கை அழுத்திக் காற்றுத் தர வேண்டியது சுமார் 5 பேருக்குத்தான். அப்படி ஒரு குழந்தை யார் பணியில் இருக்கும்போது வரும் என்று சொல்ல முடியாது. அரிதாகச் செய்யும் வேலை கைக்கு மறந்தும் போகும். அதனால்தான் இத்தனை பயிற்சி.

இதயம் நின்றுபோன பெரியவர்களுக்கு முதலுதவி செய்து பழகிய கை உடனே மார்பை அழுத்தப் போகிறது. பயிற்சியில் இதை மாற்றத்தான் அதிக நேரம் பிடித்தது. பச்சிளங்குழந்தையின் இதயம் மந்தமாவது பெரும்பாலும் நுரையீரலுக்குக் காற்று போகாததால்தான். காற்று போனால் துடிப்பு தானே ஏறும். எனவே பிறந்த முதல் நிமிடத்துக்குள் மாஸ்க் முகத்தில் இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை காற்று. மார்பு எழும்பவில்லையா? தலை நேராக இருக்கிறதா, மாஸ்க் ஓரத்தில் கசிகிறதா என்று பாருங்கள். மார்பு நன்றாக எழும்பும்படி 30 விநாடி காற்றுத் தந்தும் துடிப்பு நிமிடத்துக்கு 60க்குக் கீழே என்றால், அப்புறம்தான் மூன்று அழுத்தத்துக்கு ஒரு மூச்சு.

குளிரையும் நாம் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உடல்வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வண்டியில் ஏசியை அணைத்து, ஈரத்துணியை மாற்றி, நன்றாக மூச்சுவிடும் குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்துப் போர்த்துங்கள். 32 வாரத்துக்கு முன் பிறந்ததை மட்டும் துடைக்காமல், கழுத்துவரை சுத்தமான பிளாஸ்டிக் பையில் வைத்துத் தலைக்குக் குல்லா போடுங்கள்.

பயிற்சிக்கு வந்த செவிலியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் சங்கத்தின் நன்றி. ஆண்டுக்கு ஒரு முழுநாள் வகுப்பு போதாது என்பது என் உறுதியான கருத்து. மாதம் ஒருமுறை, பணி தொடங்கும் முன் பத்து நிமிடம் பொம்மையில் பழக வேண்டும். ஒவ்வொரு வண்டியிலும் பச்சிளங்குழந்தைக்குக் காற்றுத் தரும் சிறிய பேக்கும் இரண்டு அளவு மாஸ்க்கும் இருக்க வேண்டும். இரண்டையும் தீர்மானமாக முன்வைக்கிறேன். உறுப்பினர்கள் நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்