ஃபில்டரை வெட்டிப் பாரு கண்ணு

கண்ணு,

குரூப்புல நீ போட்ட வண்டி போட்டோ பாத்தேன். அது வந்து பத்து நாளாச்சு, அதுக்கப்பறம் நீ போனே எடுக்கல, சரி வேலை இருக்கும்னு விட்டுட்டோம். பொள்ளாச்சி மாமாகிட்ட சொல்லிட்டேன், கணபதியில லேத்துப் பட்டறை வெச்சிருந்தவன் மகன் அமெரிக்காவுல போர்ஷே ஓட்டுறான்னு. மனுசன் பேச்சையே மாத்திட்டாரு.

ஆனா வாங்கறதுக்கு முன்னாடி அப்பங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பாக்ஸ்டர், 2003 மாடல்னு போட்டிருந்தே, மூணு நாளா ராத்திரி யூட்யூப்ல அதையேதான் பாக்கறேன், உங்கம்மா திட்டறா. அந்த எஞ்சினுக்குள்ள நடு ஷாப்ட் ஒண்ணு இருக்குதாம், கிராங்க் சுத்தறதை வாங்கி வால்வைத் தொறந்து மூடற கேம் செயினுக்குக் குடுக்கறது, அதோட முனையில ஒரு பேரிங். நம்ம பம்பு மோட்டாருக்குப் போடுவோமே அதே மாதிரி சீல்டு பேரிங், கிரீஸ் அடைச்சது. அதைக் கொண்டுபோயி எஞ்சின் ஆயிலுக்குள்ள வெச்சிருக்காங்க பாரு! சீல் லேசா தேஞ்சா சூடான ஆயில் உள்ள பூந்து கிரீஸைக் கழுவிருது, அந்த ஆயிலும் ஓட்டமில்லாம அங்கயே தேங்கிக் கெட்டுப் போகுது. பேரிங் நொறுங்குனா டைமிங் போச்சு, வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் காயலாங்கடைக்குத்தான். 40 வருசம் பேரிங் அடிச்ச கை இது, பாக்கவே வயிறு எரியுது.

2001 மே-ல இருந்து 2005 பிப்ரவரி வரைக்கும் செஞ்ச வண்டிகளுக்கு அங்க கோர்ட்ல கேஸ் நடந்து 2013-ல சமரசமாச்சாம். உன்றது சரியா நடுவுல மாட்டுது. எல்லா வண்டியிலயும் போறதில்ல, நூத்துக்கு 8 வரைக்கும்னு கணக்கு சொல்றாங்க. ஆனா முன்கூட்டி ஒரு சத்தமும் காட்டாதாம். நல்லாத்தான் ஓடிட்டிருக்கும், கேட்டா நல்லாருக்கேம்ப்பாங்கற மாதிரியேதான் இருக்கும். அதனால ஆயில் மாத்தறப்ப பழைய ஃபில்டர் பேப்பரை கத்தியில வெட்டி விரிச்சு வெயில்ல சாச்சுப் பாரு. மினுக்குனா காந்தம் வெய்யி, ஒட்டுனா இரும்பு. கறுப்பு பிளாஸ்டிக் துணுக்குன்னா அந்த சீல், பழுப்பு நெறம்னா செயின் உரசற பேடு, அது வேற கதை.

40,000 மைல்தான் ஓடியிருக்குன்னு பெருமையா எழுதியிருந்தே. அதுதான் எனக்கு பயம், நிறுத்தியே வெச்ச வண்டியிலதான் இது ஜாஸ்தி போகுதுங்கறாங்க. வாங்குனது வாங்கிட்டே, கிளட்ச் மாத்தறன்னிக்கு அந்தப் பேரிங்கையும் சேத்து மாத்திரோணும், எப்படியும் கியர்பாக்ஸ் எறங்குதில்ல. 3,000, 4,000 டாலர் ஆகுமாட்ட இருக்குது. எஞ்சினே போச்சுன்னா 10,000-க்கு மேல, வண்டி வெலையே அவ்வளவுதான். மறுபடி சொல்றேன், ஃபில்டரை வெட்டிப் பாரு. முன்னாடி பம்பருக்குள்ள ரேடியேட்டர்ல எலை அடையும், அதையும் எடுத்து விடு. மேல மடக்கற துணி டாப்போட தண்ணி போற ஓட்டை அடைச்சா சீட்டுக்கடியில இருக்கற கம்ப்யூட்டர் பொட்டி நனைஞ்சுருமாம்.

உங்கம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா, ரெண்டு சீட்டுதான இருக்குது, பாப்பா எங்க உக்காருவான்னு. அவங்களுக்கு இன்னொரு வண்டி இருக்குதுன்னு சொல்லி வாயை அடைச்சுட்டேன். போட்டோவுல வண்டிக்குப் பின்னாடி இரும்பு மாடிப்படி ஒண்ணு தெரியுது. போன வருசம் நாங்க வந்தப்ப உங்க வீட்டுல அப்படி ஒண்ணும் பாத்த ஞாபகம் இல்ல. எனக்கு கண்ணாடி பவர் மாத்தோணுமாட்ட இருக்குது.

மருமக தீபாவளிக்கு அம்மாகூடப் பேசினா. உன்னைப் பத்தி எதுவும் சொல்லல, நாங்களும் கேக்கல.

அந்தப் பச்சை வண்டி ஞாபகம் இருக்குதா, நீ ஆறாவது படிக்கறப்ப வாங்குனனே. ஹெட் கேஸ்கட் போயி வெள்ளைப் பொகையா தள்ளுச்சு, நீ பின்னாடி நின்னு கைதட்டுனே. அதை சரி பண்ண உங்கம்மா ஆரத்தை அவளுக்குச் சொல்லாம அடகு வெச்சேன், மூழ்கிப் போச்சு. லாக்கர்ல இருக்குதுன்னு ரெண்டு வருசம் சொன்னேன். தெரிஞ்சப்ப அவ சத்தமே போடல, அதான் தாங்க முடியல. ஆர்டர் ஜாஸ்தின்னு ஆறு மாசம் பட்டறையிலயே படுத்துக்கிட்டேனே, அப்ப ஒரு ஆர்டரும் இல்ல கண்ணு. நீ தெனமும் தூக்குப்போசியில சோறு கொண்டாந்தே, திங்கறதுக்குள்ள எப்பப்பா வீட்டுக்கு வருவேன்னு கேப்பே. நான் லேத்தை சும்மா ஓட்டிக்கிட்டு நிப்பேன், காதுல விழாத மாதிரி.

ஒருநாள் ராத்திரி உங்கம்மாவே வந்து மெயின் ஸ்விட்சை அணைச்சா. இல்லீன்னா நானா போயிருக்க மாட்டேன்.

ஃபில்டரை வெட்டிட்டு போட்டோ அனுப்பு. எந்நேரமானாலும் சரி, இப்பல்லாம் ரெண்டு மணிக்கே முழிச்சுக்கறேன், உனக்கு அப்ப பகல்தான.

அப்பா