முதலில் லென்ஸ், பிறகு இடுக்கி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடல்நீர் மீன்தொட்டி வளர்ப்பு குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், நத்தை போலவோ அட்டை போலவோ பெயர் தெரியாத எதையேனும் தொட்டிக்குள் கண்டால் உடனே எடுத்தெறிந்துவிடும்படியும், பெருகிவிட்டால் தாமிர மருந்து ஊற்றும்படியும் சொல்லப்பட்டிருந்தது. இரண்டாவது யோசனையை யாரும் செய்து பார்த்துவிடக் கூடாதே என்ற பதைப்பில்தான் இதை எழுதுகிறேன். மீன்களின் ஒட்டுண்ணிகளுக்காகத் தரப்படும் தாமிரம், நத்தை, இறால், பவளம் போன்ற முதுகெலும்பற்ற உயிர்களுக்குக் கொடிய நஞ்சு. பாறையிலும் மணலிலும் அது ஏறிவிட்டால் பிறகு அந்தத் தொட்டியில் அவற்றை வளர்ப்பதே சிரமம்.

முதல் யோசனையை நானே ஒருமுறை செய்து கெட்டேன். லைவ் ராக் எனப்படும், சிறு கடலுயிர்கள் குடியிருக்கும் பாறையை வைத்த சில வாரங்களில், விளக்கை அணைத்த பின் விரல்நகம் அளவில் கரும்பழுப்பாக ஏதோ கண்ணாடியில் விரைந்து ஊர்வதைக் கண்டு, ஓடில்லாத நத்தை என்று நானாக முடிவுகட்டி, ஐந்தாறைப் பிடித்து வெளியே போட்டேன். அடுத்ததை இடுக்கியால் பற்றியபோது அதன் பின்பகுதி மட்டும் பல்லி வாலைப் போல அறுந்து துடிக்க, மீதி உடல் பாறையிடுக்கில் நழுவி மறைந்தது. மறுநாள் இரவு, சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சும் லென்ஸுமாகக் காத்திருந்து பார்த்தால், சதைக்குள் பாதி புதைந்தபடி சிறு காதைப் போன்ற மெல்லிய ஓடு தெரிந்தது. அது ஸ்டொமாடெல்லா, பாசியை மேய்ந்து வாழும் சாதுவான நத்தை. அதைப் பிடித்தெறிந்த நாள்களில்தான் என் கண்ணாடியில் பாசி படரத் தொடங்கியது. அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஆகவே முதலில் ஓட்டைத்தான் தேட வேண்டும். முதுகில் எட்டுத் தகடுகள் வரிசையாக இருந்தால் அது நத்தையின் உறவான கைட்டன், அஞ்ச வேண்டியதில்லை. ஓடே இல்லாமல் தலையில் இரு கொம்புகளும் முதுகில் விரல் விரலாக நீட்சிகளும் இருந்தால் நியூடிபிராங்க் எனப்படும் ஓடில்லாக் கடல் நத்தை என்று கொள்ளலாம். இவற்றில் பல, குறிப்பிட்ட ஓர் இரையையே நம்பி வாழ்பவை என்பதால், எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். தொட்டிக்காரர்களைப் பாடாய்ப்படுத்தும் ஐப்டேசியா என்ற சிறு கடற்சாமந்தியைத் தின்னும் பெர்கியா என்ற நியூடிபிராங்க் நமக்கு உதவி; மோன்டிபோரா பவளத்தின் அடிப்பக்கத்தில் ஒளிந்து முட்டையிடும், சில மில்லிமீட்டரே உள்ள வெள்ளை நிற நியூடிபிராங்க் எதிரி. பவளங்களின் உறவான சோவாந்திட்களைத் தின்பவை அவற்றின் நிறத்தையே தம் உடலில் ஏற்றிக்கொள்வதால், பழகிய கண்ணுக்கும் எளிதில் தட்டுப்படாது.

காகிதம் போல் மெலிந்து, கொம்பும் செவுளும் இன்றி வழுக்கிச் செல்வது தட்டைப்புழு. சிவப்புத் தட்டைப்புழுக்கள் கூட்டமாகச் செத்தால் அவற்றின் நஞ்சில் மீன்களும் மடியக்கூடும் என்பதால், தட்டைப்புழுவுக்கான மருந்து இடும் முன் குழாய் வைத்து இயன்றவரை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும்.

இத்தகைய உயிர்களின் படங்களை முதுகுப்புறம், அடிப்புறம் இரண்டும் தெரியும்படி ஒருமுறை வெளியிட்டால் பலருக்கும் பயன்படும். இடமில்லையெனில், தாமிரம் பற்றிய திருத்தத்தையாவது விரைவில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்