சத்தம் பற்றி அப்பாவுக்கு

நார்தாம்ப்டன்
13.7.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. சித்திரையில் நீங்கள் போட்ட கடிதத்துக்கும் நான் பதில் எழுதவில்லை. இரண்டுக்கும் சேர்த்து இதை வைத்துக்கொள்ளுங்கள். திட்டுவதாக இருந்தால் அம்மா இல்லாத நேரமாகப் பார்த்துத் திட்டுங்கள்.

"சில்வர்ஸ்டோனுக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு ஃபார்முலா ஒன் ரேஸ் பார்க்காமல் இருந்தால் உன்னைப் படிக்க வைத்ததே தண்டம்" என்று எழுதியிருந்தீர்கள். போனேன் அப்பா. மூன்று நாளும் போனேன். கூட வேலை செய்யும் மலையாளிப் பையன், அங்கே சாப்பாட்டுக் கடை ஒன்றில் ஆள் தேவை என்று கூட்டிக்கொண்டு போனான். டிக்கெட் செலவு மிச்சம். வேலை என்று பெரிதாக நினைக்க வேண்டாம், உருளைக்கிழங்கைப் பொரித்துக் காகிதப் பெட்டியில் போட்டுக் கொடுப்பதுதான். வேடிக்கை பார்க்கப் போன இடத்தில் கையில் காசும் கொடுத்தார்கள். கம்பெனியில் இந்த மாதம் ஷிப்ட் கொஞ்சம் குறைவு, அதனால் லீவு போடும் பிரச்சினையும் இல்லை.

சரி, நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். 2014க்கு அப்புறம் என்ஜினில் சத்தமே இல்லை என்று பேப்பரில் எழுதுகிறார்களே, நிஜமாகவே சத்தம் போய்விட்டதா, இல்லை என் காதுதான் போய்விட்டதா என்று கேட்டிருந்தீர்கள்.

சத்தம் இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கும் சத்தம் இல்லை. எங்கள் கடை ஒரு கேலரியின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஒரு கார்கூடக் கண்ணில் படவில்லை. தூரத்தில் ஒரு பெரிய திரை தெரிந்தது, அதிலும் பாதியைக் கொடிக்கம்பம் மறைத்தது. அதனால் காதால்தான் ரேஸ் பார்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஓட்டிய ஜோர்டான் டீம் காரில் இருந்தது 3 லிட்டர் வி10, பத்து சிலிண்டர், நிமிஷத்துக்கு 18,000, 19,000 சுற்று வரை கத்தும். இப்போது இருப்பது 1.6 லிட்டர் வி6 டர்போ, ஆறே சிலிண்டர், 12,000 சுற்றுக்குப் பக்கத்தில்தான் ஓடுகிறது. போதாததற்கு டர்போ புகைக்குழாயின் வாயில் கையை வைத்துப் பொத்திவிடுகிறது. கிட்ட வரும்போது கனமாக உறுமுகிறது. கியரைக் குறைக்கும்போது மட்டும் டப் டப் என்று வெடிக்கிறது. அந்த இடம் எனக்குப் பழகிய சத்தமாக இருந்தது. வார்ப்பு இரும்பு ஜாபில் டூல் முதல் வெட்டு இறங்கும்போது நம் பட்டறை லேத் விட்டு விட்டுக் கத்துமே, கிட்டத்தட்ட அது. எண்ணெய்ச் சட்டி முன்னால் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். வரிசையில் நின்ற ஒரு அம்மா, "தம்பி, கிழங்கு கருகுகிறது" என்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னார்.

அதனால் உங்கள் காதை மட்டும் குறை சொல்லாதீர்கள். பாதிப் பழி என்ஜினுக்கு.

பக்கத்து வீட்டுக் கிழவரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன், பூனைக்குக் குடை பிடிப்பவர். ரேஸ் வாரம் வந்தால் அவருக்குச் சாமி வந்துவிடும். வாசலில் ஒரு தகர வாளி வைத்து மழைத் தண்ணீரை அளக்கிறார். வானிலை அறிக்கையை நம்ப மாட்டார். சில்வர்ஸ்டோன் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான நிலையம், மேட்டில் வெட்டவெளியாக இருக்கிறது, காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது என்பார். நீங்கள் சோழவரம் ரேஸ் பற்றிச் சொன்னது ஞாபகம் வந்து, எங்கள் ஊர்ப் பக்கமும் பழைய ஓடுதளத்தில்தான் கார் ஓட்டினார்கள் என்றேன். கிழவருக்கு ஒரே மகிழ்ச்சி. அதிலிருந்து உங்களைப் பற்றி அடிக்கடி விசாரிக்கிறார்.

மழை விஷயத்தில் அவர் சொன்னதுதான் நடந்தது. ஆரம்பத்தில் டிராக் ஈரம், எல்லோரும் லேசான ஈரத்துக்கான, பச்சைக் கோடு போட்ட இன்டர்மீடியட் டயரில் வந்தார்கள். வெயில் லேசாக எட்டிப் பார்த்ததும் ரஸல், லெக்லேர், அந்தோனெல்லி எல்லாம் ரேஸுக்கு முன்னால் ஓட்டும் ஃபார்மேஷன் சுற்று முடிந்த கையோடு பிட்டுக்குள் போய், காய்ந்த டிராக்குக்கான மழமழ டயரை மாட்டிக்கொண்டார்கள். காய்ந்துவிடும் என்று கணக்கு. கொஞ்ச நேரத்தில் மேகம் வந்து கொட்டியது பாருங்கள், எங்கள் கடைக் கூரையே பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி. இன்டர்மீடியட் டயர் 300 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு 30 லிட்டர் தண்ணீரை வாரி எறியுமாம், முழு மழை டயர் 85 லிட்டர். அந்தத் தண்ணீரெல்லாம் பின்னால் வருபவன் முகத்தில்தானே விழும்? ஹட்ஜார் அப்படித்தான் ஒன்றும் தெரியாமல் அந்தோனெல்லியின் பின்னால் போய் மோதினான்.

இங்கே ஒரு வாரமாகப் பெரிய சண்டை பியாஸ்ட்ரியைப் பற்றித்தான். விபத்து, மழை என்றால் எல்லோருக்கும் முன்னால் மெதுவாக ஓடும் சேஃப்டி கார் உள்ளே போகும்போது முன்னால் இருந்த பியாஸ்ட்ரி திடீரென்று பிரேக் போட்டான், பின்னால் வந்த வெர்ஸ்டப்பன் தடுமாறிக் கொஞ்சம் முன்னாலேயே போய்விட்டான். பத்து வினாடி தண்டனை. அதனால் நாரிஸ் ஜெயித்தான், சொந்த மண்ணில். உள்ளூர்ப் பையன் ஜெயித்ததால் தண்டனை நியாயம்தான் என்று வேலையிடத்தில் பாதிப் பேர். போன மாதம் கனடாவில் ரஸல் இதே மாதிரி பிரேக் போட்டபோது வெர்ஸ்டப்பனின் டீம் ரெட் புல் கொடுத்த புகாரைத் தள்ளிவிட்டார்களே, அப்போது ஒரு நியாயம் இப்போது ஒரு நியாயமா என்று மீதிப் பேர். நான் இரண்டாவது கட்சி. டிவியில் பார்த்த நீங்கள் எந்தக் கட்சி? அவன் பிரேக்கை எப்படி அழுத்தினான், வேகம் எவ்வளவு விழுந்தது என்று பார்த்ததை எழுதுங்கள். எனக்குச் சத்தம் சட்டென்று அடங்கியது மட்டும்தான் தெரியும்.

ஹுல்கென்பெர்க் மூன்றாவது வந்ததைப் பார்த்தீர்களா? 19ஆவது இடத்தில் புறப்பட்டவன். 239 ரேஸ் ஓட்டி முதல் தடவையாக மேடை ஏறுகிறான். நம் கருண் சந்தோக் முதல் ரேஸ் ஓட்டிய அதே 2010 பஹ்ரைனில் வந்தவன் அப்பா, பதினைந்து வருஷம். கோப்பையை லெகோ கட்டையில் செய்து கொடுத்தார்கள், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சந்தோக் இங்கே டிவியில் ரேஸ் விளக்கம் சொல்ல வருகிறார். அவர் உனக்குச் சொந்தமா என்று கிழவர் கேட்டார். சென்னைக்காரர், நாங்கள் கோயம்புத்தூர் என்றேன். அப்படியானால் நரேன் சொந்தமா என்றார். ஒரே ஊர், அவ்வளவுதான் என்றேன். உடனே ஆரம்பித்துவிட்டார்: 2005 இண்டியானாபொலிஸில் நாலாவது வந்தது ஒரு கணக்கா, மிஷ்லின் டயர் அந்தச் சாய்வான வளைவில் தாங்காது என்று 14 கார் ஒதுங்கிவிட்டன, ஓடியதே ஆறுதான் என்று. நீங்கள் சொல்வதையே நானும் சொன்னேன்: டயர் தாங்கியவன் ஓடினான், 5 பாயின்ட் 5 பாயின்ட்தான். அன்று நரேன் ஓட்டிய ஜோர்டான் கம்பெனியின் பட்டறை சில்வர்ஸ்டோன் வாசலில்தான் இருந்தது, கைமாறிக் கைமாறி இன்று அதே டீம்தான் ஆஸ்டன் மார்ட்டின். பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் உங்களை நினைத்துக்கொள்வேன்.

அடுத்த வருஷ என்ஜின் விதிகளை விளக்கமாக எழுதச் சொன்னீர்கள். வி6 அப்படியே இருக்கும். டர்போ தண்டிலேயே ஒரு மோட்டார் வைத்து, வீணாகப் போகும் புகைச் சூட்டிலிருந்து கரண்டு எடுத்தார்களே, அதைத் தூக்கிவிடுகிறார்கள். செலவும் சிக்கலும் தாங்கவில்லை. அதற்குப் பதில் பிரேக் போடும்போது கரண்டு எடுத்துத் திரும்பச் சக்கரத்துக்குக் கொடுக்கும் மோட்டார் 120 கிலோவாட்டிலிருந்து 350க்குப் போகிறது. அதாவது 470 குதிரை. நம் லேத் மோட்டார் மூணு ஹெச்பி, நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பெட்ரோல் பாதி, கரண்டு பாதி என்று வந்துவிடும். நீளமான நேர்சாலையில் பேட்டரி தீர்ந்துபோனால் கார் நடுவழியில் தொங்கிப்போகும் என்று ஒரு கூட்டம் பயமுறுத்துகிறது. கிழவர் அதில் தலைவர். உலகக் கார் ரேஸ் சம்மேளனத் தலைவர் பென் சுலாயம் பழைய வி10 திரும்ப வரலாம் என்று மாசியில் பேச்செடுத்தார் அல்லவா, அதிலிருந்து கிழவர் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார். என்னைக் கேட்டால் அது வரப்போவதில்லை. ஆடி கார் கம்பெனி, ஹோண்டா எல்லாம் வருவதே இந்தக் கரண்டு விதியை நம்பித்தான்.

வதந்திக்குப் பஞ்சமில்லை. இந்த ஊரில் ஒவ்வொருவனுக்கும் ஏதாவது ஒரு டீமில் ஒரு மச்சான் இருக்கிறான். மெர்சிடிஸ் என்ஜின் செய்யும் பிரிக்ஸ்வொர்த் பஸ்ஸில் போகிற தூரம், ரெட் புல் மில்டன் கீன்ஸில். மெர்சிடிஸ் அடுத்த வருஷ என்ஜினில் எல்லோரையும் முந்திவிட்டது என்று முடிவெட்டும் கடையில்கூடப் பேச்சு. வெர்ஸ்டப்பன் அங்கே தாவிவிடுவான், ரஸலுக்கு இடம் போய்விடும் என்று ஒரு கதை. போன புதன்கிழமை ஹார்னரையே அனுப்பிவிட்டார்கள், இருபது வருஷம் ரெட் புல்லை நடத்தியவர். அந்தச் சேதி வந்த அன்று மத்தியான இடைவேளையில் யாரும் சாப்பிடவில்லை, வாய் ஓயவில்லை. நான் வெர்ஸ்டப்பன் போக மாட்டான் என்று ஐந்து பவுண்டு பந்தயம் கட்டியிருக்கிறேன். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: நன்றாகச் சாப்பிடுகிறேன். ரேஸ் அன்று நனைந்து நடுங்கினோம், இந்த வாரம் 30 டிகிரியைத் தாண்டிவிட்டது, ஊரே பற்றி எரிகிற மாதிரி புலம்புகிறார்கள். நேற்று அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினேன். சின்ன வெங்காயத்துக்குப் பதில் பெரிய வெங்காயம். நெய் தீர்ந்துவிட்டது, வாங்க நேரம் இல்லை. கிழவர் வாசம் பிடித்து வந்து ஒரு தட்டு வாங்கிப் போனார், பூனைக்கும் வைத்தாராம். மிச்சத்தை அடுப்பு முன்னால் நின்றபடியே சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே போனில் பதிவு பண்ணிய ரேஸ் சத்தத்தைப் போட்டேன். உங்களுக்கு அனுப்பலாம் என்றுதான் பதிவு பண்ணினேன். அப்புறம் யோசித்து விட்டுவிட்டேன். அந்த டப் டப் வருகிற இடத்தை மட்டும் நாலைந்து தடவை கேட்டேன். ராத்திரி சாப்பாட்டுக்கு அம்மா கூப்பிடுவதும், இந்த ஒரு ஷாஃப்ட் முடித்துவிட்டு வருகிறேன் என்று நீங்கள் பட்டறையிலிருந்து கத்துவதும் அதற்குள் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. சோறு ஆறிப்போனது.

லேத்தை விலை பேசிவிட்டதாகக் கடிதத்தின் ஓரத்தில், பொடி எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். பார்க்க மாட்டேன் என்று நினைத்தீர்களா? தங்கச்சிக்கு முதல் ஆடி, மாப்பிள்ளையை அழைத்துச் சீர் செய்ய வேண்டும், தெரியும். வைகாசியில் நான் அனுப்பியிருக்க வேண்டும், தள்ளிப்போய்விட்டது. பேங்கில் ஏதோ சிக்கல் என்று சொன்னேனே, அதுதான். ஆகஸ்ட் பத்துக்குள் கட்டாயம் வந்துவிடும். அதுவரை பீளமேட்டு மாமாவிடம் முப்பதாயிரம் வாங்கிக்கொள்ளுங்கள். நானே அவரிடம் பேசுகிறேன், நீங்கள் கூசிக்கொண்டு நிற்க வேண்டாம். வாங்க வந்தவரிடம் முன்பணம் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெல்ட்டைக் கழற்றிச் சாக்குப் போட்டு மூடி வையுங்கள், படுகையில் கிரீஸ் தடவுங்கள், மழைக் காற்றுக்குத் துரு ஏறிவிடும். கண் ஆபரேஷனை ஆவணிக்குத் தள்ளாதீர்கள். தம்பியைக் கூட்டிக்கொண்டு போய் நாள் குறித்துவிட்டு எழுதுங்கள். வீட்டு வரி ரசீது பீரோவில் என் சர்டிபிகேட் ஃபைலுக்குள் இருக்கிறது, அம்மா தேடிக்கொண்டிருந்ததாகத் தங்கச்சி சொன்னாள்.

அன்புடன்,
உங்கள் பெரியவன்

பி.கு: பெல்ஜியம் ரேஸ் 27ஆம் தேதி, நம் நேரம் சாயங்காலம் 6.30. அன்று எனக்கு ஷிப்ட். மழை வந்தால் யார் எந்தச் சுற்றில் டயர் மாற்றினார்கள் என்று குறித்து வையுங்கள்.