நடுவதற்கென்று ஒரு புத்தகம்

அன்புள்ள கதிர்,

உன் கடிதம் கிடைத்தது. அமெரிக்க எழுத்தாளர் ரிச்சர்ட் பிராட்டிகனுக்கு உன் பத்திரிகையில் ஒரு சிறப்பிதழ், அதோடு விதைப் பொட்டலம் இணைப்பு! காசு எங்கிருந்து வரும் என்று கேட்க மாட்டேன். நீ கேட்டவற்றுக்குத் தெரிந்த மட்டும் எழுதுகிறேன். வரிசையாக வராது, பொறுத்துக்கொள்.

முதலில் பெயர். ‘பிராடிகன்’ வேண்டாம். ஒற்றை ‘டி’ போட்டால் நம் ஆட்கள் மெலித்து உச்சரித்துவிடுவார்கள். ‘பிராட்டிகன்’தான் சரி. சீதாப்பிராட்டி ஞாபகம் வருகிறது என்று உன் மெய்ப்புத் திருத்துபவர் முணுமுணுத்தாராம். வரட்டும், ஒன்றும் குடிமுழுகிவிடாது.

அட்டையில் ‘ஹிப்பிகளின் கவி’ என்று போடப்போவதாகச் சொல்கிறாய். அதை எடுத்துவிடு. அவர் பிறந்தது 1935ல், வாஷிங்டன் மாநிலத்து டகோமாவில். வளர்ந்தது ஆரெகனில், அடுத்த வேளைச் சோற்றுக்கு நிச்சயமில்லாத வீட்டில். 1955 கடைசியில் யூஜீன் ஊர்க் காவல் நிலையத்துக் கண்ணாடியில் கல்லெறிந்தார், சிறைக்குப் போனால் சாப்பாடாவது கிடைக்கும் என்று. கிடைத்தது சேலம் ஊர் மனநல மருத்துவமனையும் மின் அதிர்ச்சி சிகிச்சையும். (அங்கேயும் ஒரு சேலம் உண்டு. வாசகர் குழம்பாமல் ‘ஆரெகன் சேலம்’ என்று போடு.) வெளியே வந்து 1956ல் சான்ஃபிரான்சிஸ்கோ போனபோது வயது 21. அப்போது அங்கே ‘பீட்’ என்ற கலகக் கவிஞர்களின் காலம். ஹிப்பிகள் வந்து சேர இன்னும் பத்து வருடம் இருந்தது. அவர்கள் வந்தபோது இவர் முப்பதைத் தாண்டிய, மகள் பிறந்த, நாலு சிறு கவிதைப் புத்தகங்கள் போட்டிருந்த ஆள். போதை வஸ்துக்கள் பிடிக்காது. குடி உண்டு, அதுதான் பின்னால் ஆளைத் தின்றது. ஹிப்பிகள் இவரைக் கொண்டாடினார்கள், அவ்வளவுதான்.

பெயர் வாங்கித் தந்த ‘ட்ரவுட் ஃபிஷிங் இன் அமெரிக்கா’ நாவலும் அறுபதுகளின் கடைசியில் எழுதியதல்ல. 1961 கோடையில் ஐடஹோ மாநிலத்தில், பழைய பிளைமவுத் காரில் மனைவி, கைக்குழந்தையுடன் ஓடை ஓடையாகக் கூடாரம் போட்டு, சீட்டாட்ட மேசை ஒன்றில் சின்ன டைப்ரைட்டரை வைத்து எழுத ஆரம்பித்தது. பிறகு சான்ஃபிரான்சிஸ்கோவில் கவிஞர் ஜாக் ஸ்பைசர் கூட உட்கார்ந்து திருத்தினார். புத்தகத்தின் சமர்ப்பணம் அவருக்கும் ரான் லோவின்சனுக்கும். குரோவ் பிரஸ் பதிப்பகம் இதை வாங்கிவைத்துக்கொண்டு, அடுத்து எழுதிய நாவல்தான் நாவல் மாதிரி இருக்கிறது என்று அதை முதலில் போட்டது. அது விற்றது 743 பிரதி. ‘ட்ரவுட்’ முடங்கியது. 1967ல் டான் ஆலன் அதைத் தன் சிறு பதிப்பகத்தில் வெளியிட்டார். பிறகு நாவலாசிரியர் கர்ட் வானகட் சிபாரிசில் 1969ல் பெரிய பதிப்பகத்துக்குப் போய், இருபது லட்சத்துக்கு மேல் விற்றது. ஆறு வருட இடைவெளியில் எழுத்து மாறவில்லை, வாசகர்தான் மாறினார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பிராட்டிகன் புத்தகத்தை ஒரு பண்டமாகப் பார்த்தார். கையில் கொடுக்கலாம், தீர்த்துவிடலாம். 1967 ஏப்ரலில் வந்த ‘ஆல் வாட்ச்ட் ஓவர் பை மெஷின்ஸ் ஆஃப் லவிங் கிரேஸ்’ கவிதைத் தொகுப்பை எடுத்துக்கொள். அந்த ஜனவரியில் கால்டெக் என்ற தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் பத்து நாள் விருந்தினர் கவியாக இருந்துவிட்டு வந்திருந்தார். தொகுப்பை, சான்ஃபிரான்சிஸ்கோவில் ஹிப்பிகள் கூடிய ஹெய்ட்-ஆஷ்பரி பகுதியில் கம்யூனிகேஷன் கம்பெனி என்ற சிறு அச்சகத்துக்காரர்கள் கெஸ்டெட்னர் நகல் மெஷினில் சைக்ளோஸ்டைல் செய்து 1,500 பிரதி இலவசமாகக் கொடுத்தார்கள். ஸ்டென்சில் மெழுகுத்தாள் விஷயம் உனக்குத் தெரியும்: ரிப்பனை விலக்கிவிட்டு டைப் அடிக்க வேண்டும், ஓங்கி அடித்தால் வட்ட எழுத்தின் நடுப்பகுதி பிய்ந்து விழுந்து கறுப்புப் பொட்டாகிவிடும், ஆயிரம் தாண்டினால் எழுத்து நசநசக்கும். அவர்களிடம் மின்சார ஸ்டென்சில் வெட்டியும் இருந்தது. மூலத்தாளைத் தடவிப் படித்துப் பொறியால் துளையிடும். அதனால் படம், கையெழுத்து எல்லாம் போட முடிந்தது. உரிமை அறிவிப்பைப் பார்: இலவசமாகக் கொடுக்கும் இதழிலோ புத்தகத்திலோ இக்கவிதைகளை யாரும் மறுபதிப்பு செய்யலாம் என்று இருக்கும். இதைக் காட்டி நீ மொழிபெயர்ப்பு உரிமை கேட்காமல் இருந்துவிடாதே. அது மறுபதிப்புக்கான அனுமதி. உன் இதழுக்கு விலையும் உண்டு.

1968ல் ‘ப்ளீஸ் பிளான்ட் திஸ் புக்’, அதாவது ‘தயவுசெய்து இந்தப் புத்தகத்தை நடுங்கள்’. மடித்த அட்டைக்குள் எட்டு விதை உறைகள்: கலிஃபோர்னியா நாட்டுப்பூக்கள், சாஸ்தா டெய்சி, காலெண்டுலா, ஸ்வீட் அலிசம், பார்ஸ்லி, ஸ்குவாஷ், கேரட், லெட்யூஸ். உறையின் முன்பக்கம் கவிதை, பின்பக்கம் நடும் முறை. இதுவும் இலவசம். சொன்ன பேச்சைக் கேட்ட பிரதிகளின் விதை மண்ணுக்குள் போய்விட்டது. இன்று பழம்புத்தகக்காரர்கள் பெருவிலை சொல்பவை, உறை பிரிக்காத, சொன்ன பேச்சைக் கேட்காத பிரதிகள். அவற்றுக்குள் இருக்கும் லெட்யூஸ் இனி முளைக்காது. சாதாரணமாக வைத்தால் அந்த விதைக்கு ஆயுள் சில வருடம்தான், பார்ஸ்லிக்கு அதிலும் குறைவு.

நீ அதே எட்டைப் போட நினைக்காதே. லெட்யூஸ் விதை முப்பது டிகிரிக்கு மேல் உறங்கிவிடும், வெளிச்சமும் வேண்டும், ஆழமாகப் புதைத்தால் வராது. பார்ஸ்லி முளைக்கவே மூன்று, நான்கு வாரம் பிடிக்கும். வாசகர் அதற்குள் உன்னைத் திட்டிவிடுவார். அரைக்கீரை, கொத்தமல்லி, வெண்டை, சாமந்தி போதும். கீரை விதையை மணலோடு கலந்து தூவச் சொல்லி உறையிலேயே அச்சடி. கொத்தமல்லியை இரண்டாக உடைத்துப் போடச் சொல். இதழ் ஆடிக்கு முன் கைக்குப் போய்ச் சேர வேண்டும். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பதைவிட நல்ல வெளியீட்டுத் தேதி உனக்குக் கிடைக்காது. ஐப்பசிக்குத் தள்ளினால் மழை ஈரத்தைக் காகித உறை குடித்துவிடும். ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் இரட்டிப்பு என்பது விதைக்காரர் கணக்கு. கூடினால் அதே கணக்கில் பாதி. உறையை மைதாப் பசையில் ஒட்டுவார்கள், பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள். பசை நன்றாகக் காய்ந்த பிறகு விதையைப் போடச் சொல். ஈரப் பசையோடு போட்டால் பாதி அங்கேயே ஒட்டிச் சாகும். சேகரித்த மாதத்தையும் அச்சிடு.

இனி மொழிபெயர்ப்பு. ‘ட்ரவுட் ஃபிஷிங் இன் அமெரிக்கா’ என்ற தலைப்பு நாவலுக்கு உள்ளே தலைப்பாக இருப்பதில்லை. ஓரிடத்தில் ஹோட்டல் பெயர், ஓரிடத்தில் கடிதத்துக்குப் பதில் போட்டுக் கையெழுத்திடும் ஆள், ஓரிடத்தில் பேனா முள். ஒரு அத்தியாயத்தில் ஆறாம் வகுப்புப் பையன்கள் முதல் வகுப்புப் பிள்ளைகளின் முதுகில் அந்த வார்த்தையைச் சாக்பீஸால் எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் வினைக்குத் திணை பால் ஒட்டாததால் அவருக்குக் கவலையில்லை. நாமோ ‘வந்தான்’, ‘வந்தார்’, ‘வந்தது’ மூன்றில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். ‘என்பவர்’ சேர்த்து ஆளாக்கினால் நகைச்சுவை செத்தது. ‘அமெரிக்காவில் ட்ரவுட் மீன்பிடிப்பு’ என்று ஒரே சொல்போல் கடைசிவரை வைத்துக்கொண்டு, வினையை அஃறிணையிலேயே விடு. கடிதங்களில் தன்மை வருவதால் பிரச்சினை இல்லை. ‘ட்ரவுட்’டுக்குத் தமிழ்ப் பெயர் தேடாதே. நீலகிரி அவலாஞ்சியில் நூறு வருடத்துக்கு மேலாகப் பொரிப்பகமே இருக்கிறது, அங்கேயும் அது ட்ரவுட்தான்.

முடிவுதான் நிஜமான தலைவலி. மயோனைஸ் (ரொட்டியில் தடவும் வெண்ணிறச் சாந்து) என்ற சொல்லில் முடியும் புத்தகம் ஒன்று எழுத ஆசை என்று கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் அறிவிக்கிறார். கடைசி அத்தியாயம் ஒரு துக்கக் கடிதம். அதன் பின்குறிப்பில், மயோனைஸ் கொடுக்க மறந்ததற்கு வருத்தம். ஆங்கிலத்தில் அந்தச் சொல் இறுதியில் விழும், அதுவும் எழுத்துப்பிழையோடு. தமிழில் இயல்பாக எழுதினால் ‘மறந்துவிட்டேன்’ என்று வினையில் முடிந்து ஆசை பாழாகும். ‘குடுக்க மறந்துட்டேன் அந்த மயோனைஸை’ என்றால் வேற்றுமை உருபு வந்து ஒட்டுகிறது. என் யோசனை: ‘மன்னிக்கணும், குடுக்க மறந்தது மயொனைஸ்.’ ஓகாரத்தைக் குறிலாக்கியிருப்பதைக் கவனி, அதுதான் பிழை. உன் மெய்ப்புத் திருத்துபவரிடம் கையில் அடித்துச் சொல்லிவை. திருத்திவிட்டார் என்றால் புத்தகம் வேறு சொல்லில் முடிந்துவிடும்.

பழைய சாமான் கிடங்கில் ஓடையை அடிக்கணக்கில் விற்கும் அத்தியாயமும் அவசியம் வேண்டும். முதல் நூறு அடிக்கு அடி ஆறரை டாலர், அதற்குமேல் ஐந்து. பத்து அடி வாங்கினால் பூச்சிகள் இலவசம். அதில் விற்பனையாளனின் பேச்சு நம் காயலான் கடைக்காரர் பேச்சுப்போல் துளியும் சிரிப்பில்லாமல் இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் சிரித்தால் கெட்டது.

எல்லாவற்றையும் புகழ்ந்து தள்ளாதே. உவமை கையை மீறிப் போகும் பக்கங்கள் நிறைய. பெண்கள் பெரும்பாலும் அட்டைப்படத்தில் நிற்பதுபோலவே உள்ளேயும் நிற்கிறார்கள். எழுபதுகளில் கோதிக்-வெஸ்டர்ன் (திகிலும் கௌபாயும் கலந்தது), துப்பறியும் கதை என்று வகை வகையாக எழுதிப் பார்த்தார், அமெரிக்க விமர்சகர்கள் கைவிட்டார்கள். ஜப்பான் கைவிடவில்லை. கசுகோ ஃபுஜிமோட்டோவின் 1975 ‘ட்ரவுட்’ மொழிபெயர்ப்பு அங்கே உரைநடையையே அசைத்தது. 1976ல் அங்கே போய் நாட்குறிப்புபோல் தேதியிட்டு எழுதிய கவிதைகளிலிருந்து நாலைந்து எடு. அவற்றில் தனிமை அலங்காரமில்லாமல் இருக்கிறது. 1984ல் கலிஃபோர்னியா பொலினாஸில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அக்டோபர் 25 அன்றுதான் உடலைக் கண்டார்கள். வயது 49. இதை ஒரு வரியில் சொல்லி நிறுத்து, தலைப்பாக்காதே.

பெட்டிச் செய்தி கேட்டாயே. அப்பல்லோ 17 வீரர்கள் 1972 டிசம்பரில் நிலவில் ஆரஞ்சு நிற மண்ணைக் கண்ட பள்ளத்தின் பெயர் ஷார்ட்டி. ‘ட்ரவுட்’ நாவலில் வரும் கால் இல்லாத குடிகாரனின் பெயர் அது. இன்னொன்று: அச்சேறாத கையெழுத்துப் பிரதிகளை எழுதியவரே கொண்டுவந்து கொடுக்கும் நூலகம் ஒன்றை 1971 நாவலில் கற்பனை செய்திருந்தார். டாட் லாக்வுட் 1990ல் வெர்மான்ட் பர்லிங்டனில் அதை நிஜமாகவே திறந்தார். அடுக்குகளில் புத்தகம் சாயாமல் இருக்க மயோனைஸ் ஜாடிகள். பகுப்பு முறைக்குப் பெயரும் மயோனைஸ் முறை. காதல், குடும்பம், தெரு வாழ்க்கை, வாழ்வின் பொருள் என்று தலைப்பு, அதோடு வந்த வருடமும் வரிசை எண்ணும். 2010 முதல் அந்த முந்நூறு சொச்சம் பிரதிகளும் வாஷிங்டன் மாநில வான்கூவர் அருங்காட்சியகத்தில்.

உரிமை: நம் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 வருடம், அதாவது 2044 முடிய. அதனால் முழு அத்தியாயங்களுக்கு இப்போதே எழுதிக் கேள், பதில் வர மாதங்கள் ஆகலாம்.

எதை முதலில் மொழிபெயர்ப்பது என்றால், ‘ட்ரவுட்’டில் வரும், கூல்-எய்ட் என்ற பானப்பொடியைக் கரைத்துக் குடிக்கும் பையன் அத்தியாயம். ஒரு பாக்கெட்டில் இரண்டு குவார்ட் கலக்க வேண்டும்; அவன் ஒரு கேலன் கலக்குவான். சர்க்கரை ஒரு கப் போட வேண்டும், வீட்டில் இல்லை, போடமாட்டான். தண்ணீர் வழியாமல் சேறு சூழ்ந்த குழாயில் ஜாடியைப் பிடிப்பதைப் பூசை செய்வதுபோல் எழுதியிருப்பார். குவார்ட், கேலன் வேண்டாம்: இரண்டு லிட்டருக்கு உள்ளதை நாலு லிட்டர் ஆக்கினான் என்று எழுது, வறுமை அந்த அளவிலேயே தெரிந்துவிடும். ஆனால் கூல்-எய்டை ரஸ்னா ஆக்கிவிடாதே.

மெய்ப்பு வந்ததும் அனுப்பு.

அன்புடன்,
சேது