டேவ் ஆலனை விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு,

மேடையில் தனியாக நின்று சிரிக்க வைப்பவர்களைப் பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரையில் டேவ் ஆலன் பெயர் இல்லாதது எனக்குப் பெரிய மனக்குறை. அயர்லாந்து நகைச்சுவையாளர் அவர்; 1936-இல் டப்ளினில் பிறந்தவர். பத்திரிகை வேலை, அப்புறம் விடுமுறை முகாமில் வந்தவர்களை மகிழ்விக்கும் வேலை, ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி என்று சுற்றிவிட்டு, 1971 முதல் 1979 வரை பிபிசியில் 'டேவ் ஆலன் அட் லார்ஜ்' என்ற நகைச்சுவை நிகழ்ச்சியை நடத்தினார்.

உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, கையில் கண்ணாடி டம்ளரோடு, திண்ணைப் பேச்சு போல ஆரம்பிப்பார். இடது ஆள்காட்டி விரலில் நுனி இருக்காது. கத்தோலிக்கத் திருச்சபையை விடாமல் கிண்டல் செய்தவர், விடைபெறும்போது 'உங்கள் கடவுள் உங்களோடு வரட்டும்' என்பார். அந்த 'உங்கள்' எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

1990-இல் கடிகாரம் பற்றிப் பேசினார். வாழ்நாளெல்லாம் கடிகாரத்தைப் பார்த்து ஓடுகிறோம். ஓய்வு பெறும்போது கொடுப்பதும் ஒரு கடிகாரம். அதில் வந்த ஒரு கெட்ட வார்த்தைக்காக விஷயம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை போனது. எனக்கு அந்த வார்த்தை பெரிதாகப் படவில்லை. 32 வருடம் ஷிப்டு பார்த்த எனக்கும் ஆலையில் சுவர்க் கடிகாரம்தான் கொடுத்தார்கள். யூடியூபில் அவர் பேச்சைக் கேட்ட இரவு, ஹாலில் அந்தக் கடிகாரம் ஓடும் சத்தத்தையே கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

2005-இல் மறைந்த அவரைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை போடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆலை மேற்பார்வையாளர்,
கோயம்புத்தூர்